வந்த நேரம் மாறிய கிழங்கு வண்டிகள்: ஒரு டேட்டாபேஸ் ரெஸ்டோர் பற்றிய நிகழ்வு ஆய்வு

சேலத்திலிருந்து ஆத்தூர் போகும் சாலையை ஒட்டிய ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் நடந்தது இது. கிழங்கு சீசன் உச்சத்தில் இருந்தபோது எடை மேடைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் ஒரு விடியற்காலையில் செத்துப்போனது. முந்தின இரவு 11 மணிக்கு எடுத்த பேக்கப் பத்திரமாக இருந்தது. கிளவுடில் ஒரு சர்வரை வாடகைக்குப் பிடித்து, அன்று மாலைக்குள் பேக்கப்பை அதில் ஏற்றி டேட்டாபேஸை மீட்டுவிட்டார்கள், அதாவது ரெஸ்டோர் செய்துவிட்டார்கள். பதிவுகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. எடை, பெயர், வண்டி எண் எல்லாம் சரி. நேரமும் திரையில் சரியாகவே தெரிந்தது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

இந்தத் தொழிலில் நேரம் என்பது பணம். பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது, மாவுச்சத்து இறங்கிவிடும். அதனால் கல்வராயன் மலைப் பக்கமிருந்தும் கொல்லிமலை அடிவாரத்திலிருந்தும் வண்டிகள் ராத்திரி பகல் பார்க்காமல் வந்துகொண்டே இருக்கும். லோடோடு ஒரு எடை, கிழங்கை இறக்கிய பிறகு காலி வண்டிக்கு ஒரு எடை. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, அன்றைய பாயிண்ட் ரேட்டைப் போட்டுக் கணக்கு முடிப்பார்கள். இந்த ஆலையில் ‘அன்று’ என்பது லோடு எடை போட்ட நாள். ரேட்டு தினமும் ஏறி இறங்கும் சீசனில் இரவு 11.50க்கும் 12.10க்கும் நடுவில் ஒரு வண்டிக்குக் கணிசமான தொகை மாறிவிடும்.

ஒரு வியாபாரி கணக்கு முடிக்க வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கணக்குப் பார்க்கும் பெண்ணிடம் அவர் கேட்டது இதுதான்: “ஏம்மா, என் வண்டி செவ்வாய்க்கிழமை ராத்திரியே மேடை ஏறிடுச்சு. இந்தா சீட்டு, நீங்க குடுத்ததுதானுங்க. புதன்கிழமை ரேட்டு எப்படிப் போட்டீங்க?” அவர் கையில் இருந்த அச்சுச் சீட்டில் உள்ளே வந்த நேரம் இரவு 8.10, வெளியே போன நேரம் 10.05. கணினியில் உள்ளே வந்தது மறுநாள் அதிகாலை 1.40, வெளியே போனது முந்தின இரவு 10.05. வருவதற்கு மூன்றரை மணி நேரம் முன்பே வண்டி வெளியே போயிருந்தது.

என்னைக் கூப்பிட்டது அதன் பிறகு. நான் முதலில் கேட்டது அந்தப் பழைய சீட்டுகளின் கார்பன் பிரதிகளை. டேட்டாபேஸ் என்ன சொன்னாலும், அது சொல்வது உண்மையா என்று பார்க்க அதற்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும்.

ஒரே டேபிளில் இரண்டு வகை நேரம்

பழைய கணினியில் இருந்தது விண்டோஸ், மைஎஸ்கியூஎல் 5.7 என்ற டேட்டாபேஸ் மென்பொருள். எடைச் சீட்டு டேபிளில் மூன்று நேர ஃபீல்டுகள். பதிவு கடைசியாக மாறிய நேரமும் உள்ளே வந்த நேரமும் டைம்ஸ்டாம்ப் வகை. வெளியே போன நேரத்தைப் பிற்பாடு வேறொருவர் சேர்த்திருக்கிறார், அது டேட்டைம் வகை. திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். உள்ளே வேலை செய்யும் விதம் வேறு.

டேட்டைமில் எதை எழுதினோமோ அது அப்படியே இருக்கும். இரவு 10.05 என்று போட்டால் எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் 10.05தான். டைம்ஸ்டாம்ப் அப்படி இல்லை. எழுதும்போது, அந்த செஷனின் (சர்வரோடு ஒரு மென்பொருள் வைத்திருக்கும் இணைப்பின்) டைம் ஜோன் எதுவோ அதிலிருந்து யூடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிச் சேமிக்கும். படிக்கும்போது படிப்பவரின் டைம் ஜோனுக்கு மாற்றிக் காட்டும். இந்திய நேரத்தில் இரவு 8.10 என்றால் உள்ளே இருப்பது பிற்பகல் 2.40. எழுதுகிற செஷனும் படிக்கிற செஷனும் ஒரே ஜோனில் இருக்கும் வரை இந்த மாற்றம் நடப்பதே யாருக்கும் தெரியாது. பல வருஷம் அப்படித்தான் ஓடியிருக்கிறது.

பேக்கப்பை டம்ப் என்ற எழுத்து ஃபைலாக எடுக்கும் மைஎஸ்கியூஎல்டம்ப் இதை அறிந்தே எழுதப்பட்ட கருவி. சும்மா விட்டால், டம்ப் ஃபைலின் தலைப்பிலேயே டைம் ஜோனை +00:00 (யூடிசி) என்று வைக்கும் கட்டளையைப் போட்டுவிட்டு, டைம்ஸ்டாம்ப் மதிப்புகளை யூடிசியில் எழுதும். அந்த ஃபைலை உலகத்தில் எந்த சர்வரில் ஏற்றினாலும் நேரம் கெடாது. ஆனால் இந்த ஆலையில் பேக்கப் எடுக்கும் கட்டளைகள் உள்ள பேட்ச் ஃபைலில் ‘ஸ்கிப்-டிஇசட்-யூடிசி’ என்ற விருப்பம் சேர்க்கப்பட்டிருந்தது. காரணம் நியாயமானதுதான்: அவசரத்துக்கு டம்ப் ஃபைலை நோட்பேடில் திறந்து ஒரு சீட்டைத் தேடுவார்கள், அதில் நம்மூர் நேரம் தெரிய வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்த விருப்பம் இருந்தால் ஃபைலில் 20:10 என்றே இருக்கும், எந்த ஊர் 20:10 என்பது மட்டும் எங்கும் இருக்காது.

புது சர்வர் லினக்ஸ், மைஎஸ்கியூஎல் 8.0, கடிகாரம் யூடிசி. 20:10 என்ற எழுத்தைப் படித்த சர்வர் அதை யூடிசி 20:10 என்று எடுத்துக்கொண்டது. எடை மேடை மென்பொருளும் அதே யூடிசி ஜோனில் இணைந்ததால் திரையில் 20:10 என்றே வந்தது. ரெஸ்டோர் முடிந்ததும் நாலு பழைய சீட்டை எடுத்துப் பார்த்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

அன்று இரவு புதுச் சீட்டுகள் தவறான நேரத்தோடு அச்சாகத் தொடங்கின. இரவு எட்டு மணிக்கு வந்த வண்டிக்குப் பிற்பகல் இரண்டரை என்று வந்தது. பழையது சரி, புதியது தவறு என்றால் சர்வரின் கடிகாரத்தைத் திருத்த வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மறுநாள் சர்வரின் டைம் ஜோனை +05:30 (இந்திய நேரம்) என்று வைத்தார்கள். புதுச் சீட்டுகள் சரியாயின. கூடவே பழைய சீட்டுகள் அத்தனையிலும் உள்ளே வந்த நேரம் ஐந்தரை மணி நேரம் கூடிவிட்டது. மாலை 6.30க்கு மேல் வந்த ஒவ்வொரு வண்டியும் மறுநாள் கணக்கில் விழுந்தது.

சேகோ ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் ஏலத்துக்கு அனுப்பிய ஜவ்வரிசி மூட்டைகளின் டேபிளில் மட்டும் ஒரு பிசகும் இல்லை. அதில் இருந்தது நேரமில்லாத வெறும் தேதி ஃபீல்டு, டைம் ஜோன் அதைத் தொடுவதே இல்லை. பாதிப்பு எங்கே வரை என்று எல்லை கட்ட அது உதவியது.

கழித்தால் போதும் என்ற யோசனை ஏன் ஆபத்து

ஆலையில் எல்லோரும் சொன்ன வழி ஒன்றுதான்: வெளியே போன நேரம் உள்ளே வந்த நேரத்துக்கு முன்னால் இருக்கிற பதிவுகளையெல்லாம் பிடித்து, உள்ளே வந்த நேரத்தில் ஐந்தரை மணி கழித்துவிடலாம். இந்த ஆய்வை எழுதுவதே அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லத்தான். ஒரு பதிவு எந்த வழியாக டேபிளுக்குள் வந்தது என்று தெரியாமல் அதன் நேரத்தைத் தொடக் கூடாது.

ரெஸ்டோரில் வந்த பதிவுகளைப் பாருங்கள். உள்ளே வந்த நேரம் ஐந்தரை மணி கூடுதல், வெளியே போன நேரம் சரி. சர்வர் எழுந்ததற்கும் டைம் ஜோனை மாற்றியதற்கும் நடுவில் பதிவான சீட்டுகளில் நிலைமை தலைகீழ். மென்பொருள் இரண்டு நேரத்தையும் அந்த நொடியின் நேரத்தைக் கொடுக்கும் சர்வரின் நௌ ஃபங்ஷனிலிருந்தே எடுக்கிறது. யூடிசி செஷனில் நௌ கொடுத்த நேரம் டைம்ஸ்டாம்ப் ஃபீல்டுக்குப் போனால் அது உண்மையான யூடிசிதான், அதனால் உள்ளே வந்த நேரம் பின்னால் தானாகச் சரியாகிவிட்டது. டேட்டைம் ஃபீல்டுக்குப் போனது அப்படியே உறைந்துவிட்டது: இரவு 10.05க்குப் போன வண்டி மாலை 4.35 என்று நிற்கிறது. இரண்டு கூட்டத்திலும் வண்டி உள்ளே நின்ற நேரத்தைக் கணக்கிட்டால் அதே ஐந்தரை மணி குறைகிறது. அறிகுறி ஒன்று, மருந்து வேறு. முதல் கூட்டத்துக்கு உள்ளே வந்த நேரத்தில் கழிக்க வேண்டும், இரண்டாவதற்கு வெளியே போன நேரத்தில் கூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே கழித்தலைப் போட்டிருந்தால், சரியாக இருந்த நேரங்களும் கெட்டு, நின்ற நேரம் மட்டும் அழகாகப் பொருந்தி, பிழை கண்ணுக்கே தெரியாமல் புதைந்திருக்கும்.

இன்னும் மோசமான பதிவுகள் உண்டு. இரவு 10.30க்கு லோடு எடை போட்டு, 11 மணி பேக்கப்பில் சேர்ந்து, கணினி படுத்த பிறகு களத்தில் காத்திருந்து, மறுநாள் மாலை 4 மணிக்குப் புது சர்வரில் காலி எடை போட்ட வண்டிகள். இவற்றுக்கு இரண்டு நேரமும் தவறு, எதிரெதிர்த் திசையில். திரையில் அதிகாலை 4 மணிக்கு வந்து காலை 10.30க்குப் போனதாகத் தெரியும். பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாத பதிவு. வந்ததற்கு முன் போன வண்டியைத் தேடும் எந்த வடிகட்டியிலும் இது சிக்காது.

கணினி இல்லாத பகலில் கையால் எழுதிய சீட்டுகளையும் அன்று மாலை தட்டச்சு செய்து ஏற்றியிருந்தார்கள். சீட்டு எண்ணை வைத்துப் பார்த்தால் இவை பேக்கப்புக்குப் பிந்தியவை, ஆனால் தவறிய விதம் ரெஸ்டோர் பதிவுகளைப் போன்றது. தட்டச்சு செய்த 11:20 யூடிசி 11:20 ஆகிவிட்டது. நல்லவேளை, கைப்பதிவுத் திரை ஒவ்வொரு பதிவிலும் தனிக் குறி வைக்கிறது.

டைம் ஜோனை மாற்றிய நேரத்தை வைத்து ஒரு கோடு கிழிக்கலாம் என்றால் அதுவும் முடியவில்லை. சர்வரின் பொது டைம் ஜோனை மாற்றினால் அது புதிதாக இணையும் செஷன்களுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு பழைய ஜோனிலேயே ஓடும். ஆலையில் இரண்டு எடை மேடை. ஒன்றின் மென்பொருளை மூடித் திறந்தார்கள். மற்றொன்று அடுத்த ஷிப்டு ஆள் வரும் வரை யூடிசியிலேயே எழுதிக்கொண்டிருந்தது.

பைனரி லாக் கொடுத்த சாட்சி

மைஎஸ்கியூஎல் 8.0இல் பைனரி லாக் எனும் மாற்றங்களின் பதிவேடு தானாகவே இயங்கும், இயல்பாக 30 நாள் வைத்திருக்கும். இந்த ஆலையைக் காப்பாற்றியது அதுதான். ஒவ்வொரு இன்சர்ட்டும் (புதுப் பதிவு) அப்டேட்டும் (பதிவை மாற்றுவது) எந்த நொடியில் நடந்தது என்பது டைம் ஜோன் குழப்பமில்லாமல் அதில் இருக்கிறது. மைஎஸ்கியூஎல்பின்லாக் கருவியை வெர்போஸ் விருப்பத்தோடு ஓட்டினால், டைம்ஸ்டாம்ப் ஃபீல்டை 1970 முதல் எண்ணிய நொடிகளாகவும், டேட்டைம் ஃபீல்டை எழுதிய எழுத்தாகவும் காட்டும். நொடி எண்ணிக்கையை எந்த செஷனும் மாற்ற முடியாது.

காலி எடை போடும் அப்டேட் நடந்த உண்மையான நொடியையும் வெளியே போன நேர ஃபீல்டில் விழுந்த எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இந்திய நேரத்தோடு பொருந்தினால் அந்த செஷன் +05:30. ஐந்தரை மணி பின்தங்கினால் யூடிசி. ஊகம் எதுவும் தேவைப்படவில்லை, இரண்டாவது எடை மேடையின் பிடிவாதமும் இதில்தான் பிடிபட்டது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ஒவ்வொரு நிகழ்வின் தலைப்பிலும் இந்தக் கருவி காட்டும் நேரம், கருவி ஓடும் கணினியின் உள்ளூர் நேரம். சர்வரிலேயே ஓட்டினால் ஒரு விதமாகவும் நம் மடிக்கணினியில் ஓட்டினால் வேறு விதமாகவும் வரும். ஆய்வு முழுவதையும் ஒரே கணினியில் செய்தோம்.

திருத்தம்

பேக்கப்பில் வந்த பதிவுகளுக்கு நாங்கள் கழித்தல் போடவில்லை. டம்ப் ஃபைல் அப்படியே இருந்ததால், அதே சர்வரில் தனி டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி, இணையும்போதே டைம் ஜோனை +05:30 என்று வைக்கும் தொடக்கக் கட்டளையோடு டம்பை மறுபடி ஏற்றினோம். ஃபைலில் டைம் ஜோன் கட்டளை இல்லாததால் நாம் வைத்தது கடைசி வரை நிற்கும். ஏற்றியதும் யூடிசி செஷனில் திறந்து, தெரிந்த ஒரு சீட்டைப் பார்த்தோம்: 14:40. இந்திய செஷனில் 20:10. சேமித்தது சரிதானா என்பதை இரண்டு ஜோனில் பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும். ஒரே ஜோனில் பார்த்ததால்தான் முதல் நாள் ஏமாந்துபோனார்கள்.

இந்தியாவில் கடிகாரத்தைக் கோடைக்கு ஒரு மணி நேரம் தள்ளும் வழக்கம் இப்போது இல்லை என்பது பெரிய நிம்மதி. அந்த வழக்கம் உள்ள நாட்டில் வருஷத்தில் ஒரு இரவு ஒரே மணி நேரம் இரண்டு முறை வரும். டம்பில் உள்ள 1.30 எந்த 1.30 என்று சொல்லவே முடியாது. அங்கே இந்த வழி முழுதாகக் கைகொடுக்காது.

பிறகு சீட்டு எண்ணை வைத்துத் தனி டேட்டாபேஸிலிருந்து நேரங்களை எடுத்து உண்மையான டேபிளில் எழுத வேண்டும். இங்கே இன்னொரு கண்ணி இருந்தது. மாறிய நேரம் என்ற ஃபீல்டு டேபிளின் முதல் டைம்ஸ்டாம்ப். மைஎஸ்கியூஎல் 5.7இல் ‘எக்ஸ்ப்ளிசிட்_டிஃபால்ட்ஸ்_ஃபார்_டைம்ஸ்டாம்ப்’ அமைப்பு அணைந்தே வரும். அப்போது வேறெதுவும் சொல்லாமல் உருவாக்கிய முதல் டைம்ஸ்டாம்ப் ஃபீல்டுக்கு ‘ஆன் அப்டேட் கரன்ட்_டைம்ஸ்டாம்ப்’ தானாகவே ஒட்டிக்கொள்ளும். பதிவில் வேறு எந்த ஃபீல்டின் மதிப்பு மாறினாலும் இது அந்த நொடிக்கு மாறிவிடும். 8.0இல் அந்த அமைப்பு தொடக்கத்திலேயே போட்டபடி வருகிறது, ஆனாலும் டம்பில் டேபிளின் வரையறை முழுதாக எழுதப்பட்டிருப்பதால் பழைய குணம் புது சர்வருக்கும் வந்துவிட்டது.

ரெஸ்டோர் செய்யும்போது இந்தக் குணம் தீங்கு செய்யாது. டம்பின் இன்சர்ட் கட்டளைகள் எல்லா ஃபீல்டுக்கும் மதிப்பைச் சொல்லியே எழுதுகின்றன. ஆபத்து அதற்குப் பிறகு. இந்த ஆலையில் ரெஸ்டோர் முடிந்த கையோடு இரட்டையாக இருந்த வியாபாரிக் குறியீடுகளை ஒரே அப்டேட்டில் சேர்த்திருக்கிறார்கள். அந்த வியாபாரிகளின் பழைய சீட்டுகள் அத்தனைக்கும் மாறிய நேரம் அந்த ஒரு நொடியாகிப்போனது. எடை போட்ட பிறகு யாராவது சீட்டைத் திருத்தினார்களா என்று ஆடிட்டர் பார்ப்பது அந்த ஃபீல்டை வைத்துத்தான். பார்வைக்கு எல்லாச் சீட்டும் திருத்தப்பட்டவை போல் ஆகிவிட்டன.

எனவே எங்கள் அப்டேட்டில் உள்ளே வந்த நேரத்தோடு மாறிய நேரத்தையும் தனி டேட்டாபேஸிலிருந்து எடுத்து வெளிப்படையாக எழுதினோம். வெளிப்படையாக மதிப்பு கொடுத்தால் தானாக மாறும் குணம் தலையிடாது. நேரத்தைத் தொடத் தேவையில்லாத அப்டேட் என்றால், அந்த ஃபீல்டுக்கு அதன் சொந்த மதிப்பையே திரும்பக் கொடுத்தால் போதும். ரெஸ்டோருக்குப் பிறகு உண்மையிலேயே திருத்தப்பட்ட சில சீட்டுகளுக்கு பைனரி லாகில் இருந்த நேரத்தை வைத்தோம். கைப்பதிவுகளைக் காகிதத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். யூடிசி செஷனில் காலி எடை போட்டவற்றுக்கு மட்டும் வெளியே போன நேரத்தில் ஐந்தரை மணி கூட்டினோம். அந்தப் பட்டியல் லாகிலிருந்து வந்தது, வடிகட்டியிலிருந்து அல்ல.

திருத்தத்துக்கு முன் டேபிளின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டோம். முடிந்ததும், உள்ளே வந்த நேரங்களை நொடிகளாக்கிக் கூட்டிய மொத்தத்தைத் தனி டேட்டாபேஸின் மொத்தத்தோடு பேக்கப் பதிவுகளுக்கு ஒப்பிட்டோம். அப்புறம் கார்பன் பிரதிகளில் இரவு நேரச் சீட்டுகளாகப் பொறுக்கிப் பார்த்தோம். பகல் சீட்டில் பிழை இருந்தாலும் தேதி மாறாது, இரவுச் சீட்டுதான் காட்டிக்கொடுக்கும்.

ட்ரிகர், அதாவது பதிவு சேரும்போதோ மாறும்போதோ தானாக ஓடும் கட்டளை, ஏதும் இந்த டேபிளில் இல்லை. இருந்திருந்தால் அதையும் பார்த்திருக்க வேண்டும். முழு டம்பில் டேட்டாவுக்குப் பிறகே ட்ரிகர்கள் எழுதப்படுவதால் ஏற்றும்போது அவை இயங்காது. டேபிள் அமைப்பைத் தனியாகவும் டேட்டாவைத் தனியாகவும் எடுத்து, அமைப்பை முதலில் ஏற்றினால் ட்ரிகர்களும் கூடவே வந்து உட்கார்ந்துவிடும். உருவான நேரத்தை நௌ என்று வைக்கும் ட்ரிகர் ஒன்று இருந்தால் பழைய பதிவுகள் எல்லாம் இன்று பிறந்தவை ஆகிவிடும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் டைம் ஜோன் உள்ள டைம்ஸ்டாம்ப் வகையைப் பயன்படுத்தினால் டம்பில் ஒவ்வொரு மதிப்புக்குப் பக்கத்திலும் +05:30 போன்ற வித்தியாசமும் எழுதப்பட்டிருக்கும், அதனால் இந்த ஆலையில் நடந்த நகர்வு அங்கே நடக்காது. டேட்டாவை மட்டும் ஏற்றும்போது வரும் ட்ரிகர் தொல்லை அங்கேயும் உண்டு.

இப்போதைய நிலை

பேட்ச் ஃபைலிலிருந்து அந்த விருப்பத்தை எடுத்துவிட்டோம். நோட்பேடில் நம்மூர் நேரம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்காக, ஒவ்வொரு இரவும் அன்றைய சீட்டுகள் தனி சிஎஸ்வி ஃபைலாக விழுகின்றன. அது பார்ப்பதற்கு மட்டும், ஏற்றுவதற்கு அல்ல. மென்பொருள் இணையும்போது சர்வரை நம்பாமல் தன் செஷனின் டைம் ஜோனைத் தானே +05:30 என்று வைத்துக்கொள்கிறது. பேக்கப்பை அவ்வப்போது வேறொரு கணினியில் ஏற்றி, இரவுச் சீட்டுகளை இரண்டு ஜோனில் திறந்து பார்க்கும் வேலையைக் கணக்குப் பெண்ணே செய்கிறார். திருத்திய பட்டியலைப் பார்த்து, குறைவாகக் கணக்கு முடித்த வியாபாரிகளுக்கு ஆலை பாக்கித் தொகையைக் கொடுத்தது.

வெளியே போன நேரத்தையும் டைம்ஸ்டாம்ப் ஆக்கி, டேபிளில் ஒரே வகையை வைக்கும் வேலை பாக்கி இருக்கிறது. டைம்ஸ்டாம்ப் வகைக்கு 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8.44.07 வரைதான் ஆயுள் என்பதால் இரண்டையுமே டேட்டைம் ஆக்கலாமே என்று ஆலையில் ஒரு கருத்து உண்டு. எடைச் சீட்டில் வருங்காலத் தேதி எதுவும் வராது, இரவு பகலாக வேறு வேறு கணினிகள் எழுதும் இடத்தில் ஜோன் பிழையைத் தாங்குவது டைம்ஸ்டாம்ப்தான் என்பது என் கருத்து. எதைத் தேர்ந்தாலும், வகையை மாற்றும் ஆல்டர் கட்டளை பழைய மதிப்புகளை அது ஓடும் செஷனின் டைம் ஜோனை வைத்துத்தான் மாற்றும். அந்த செஷன் +05:30இல் இருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பார்த்துவிட்டு ஓட்ட வேண்டும். சீசன் முடிந்து மேடை ஓய்ந்ததும் செய்வதாகப் பேச்சு.